மாங்கா, மாங்கா: முரளிதரன் எறிந்தாரா?

வாசகர் ஒருவர், 4 ஜனவரி 2025

இலங்கைச் சுழல்பந்து வீரர் முரளிதரன் பந்தை விதிப்படி வீசியவர் இல்லை, எறிந்தவர்தான். நம்ம ஆள் என்பதால் நாம் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அவருக்காகவே விதியை, முழங்கை 15 டிகிரி வரை நிமிரலாம் என்று மாற்றினார்கள். அந்த 800 விக்கெட்டில் எத்தனை சுத்தமானது?

4 ஜனவரி 2025, மாலை

நான் சொன்னேன். 1995 டிசம்பர் 26 காலை, பக்கத்து வீட்டு கேபிள் டிவி முன்னால் பாயில் உட்கார்ந்துகொண்டு, கூடியிருந்த ஏழெட்டுப் பேருக்கும் கேட்கும்படி "இவன் மாங்கா அடிக்கிறான்யா" என்று முதலில் சொன்னவன் நான்தான். எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் கையை மடக்கி எறிகிறவனுக்கு அதுதான் பேர். மாமரத்தைப் பார்த்துக் கல் விடுகிற மாதிரி பந்தை விடுகிறான் என்று அர்த்தம்.

மெல்போர்னில் அன்று ஆஸ்திரேலியா-இலங்கை டெஸ்ட் பார்க்க 55,239 பேர் கூடியிருந்தார்கள். அம்பயர் டாரெல் ஹேர் பந்துவீசும் முனையில் நின்றபடி முரளியின் மூன்று ஓவர்களில் ஏழு தடவை நோபால் என்று கையை நீட்டினார். முரளி கோட்டைத் தாண்டி மிதித்துவிட்டார் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். கால் கோட்டுக்குள்ளேயே இருந்தது ரீப்ளேயில் தெரிந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. புரிந்த அந்த நொடியிலேயே நான் தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

இலங்கைக் கேப்டன் ரணதுங்க முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே அம்பயர் நியூசிலாந்தின் ஸ்டீவ் டன். அதே கை, அதே பந்து, இன்னும் 12 ஓவர். ஒரு நோபால்கூட இல்லை. ஏழு நோபால் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அந்த 12 ஓவரைப் பற்றி நான் பத்து வருஷம் கழித்துத்தான் யோசித்தேன்.

4 ஜனவரி 2025, இரவு

சென்னையிலும் மாங்கா என்றுதான் சொல்வோம் என்கிறார் ஒரு நண்பர். சரி, அப்படியானால் சொல் எல்லாருக்கும் பொது. அது எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பதிலாக "முழங்கை நிமிர்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்" என்று எந்தக் கூட்டமும் கத்தாது.

6 ஜனவரி 2025

விதியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். கை மடங்கியிருக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. தோள்மட்டத்துக்குக் கை வந்ததிலிருந்து பந்தை விடும்வரை மடங்கின முழங்கை நிமிரக் கூடாது என்பதுதான் சாரம். மடங்கினபடியே சுற்றி வந்தால் குற்றமில்லை.

முரளிக்குப் பிறவியிலேயே முழங்கை முழுதாக நீளாது. அவர் எவ்வளவு முயன்றாலும் கை நேராக நிற்காது. அதோடு தோளும் மணிக்கட்டும் அசாதாரணமாகச் சுழலும். 1996-ல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் சோதித்துவிட்டு, எறிவது போலத் தோன்றுவது கண்ணின் மயக்கம் என்றார்கள்.

"கண்ணின் மயக்கம்" என்றால் என்ன என்று எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி ஒன்று கிடக்கிறது. நுனியில் வளைந்த இரும்பு. ஒருநாள் அதைக் கையில் வைத்து மெல்ல உருட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் கொக்கி வளைவாகத் தெரிகிறது. கால் சுற்று உருட்டினால் அதே கொக்கி கம்போடு ஒரே நேர்கோடாகத் தெரிகிறது. வேகமாக உருட்டினால் வளைந்திருந்த இரும்பு சட்டென்று நிமிர்ந்த மாதிரியே இருக்கிறது. இரும்பு எங்கே நிமிரும்? உங்கள் வீட்டில் தொரட்டி இல்லாவிட்டால் ஒரு அரிவாளைக் கவனமாகத் திருப்பிப் பாருங்கள்.

முரளியின் கை அந்தத் தொரட்டி. தோள் சுழலும்போது நிரந்தர வளைவு ஒரு கணம் நம் பக்கம் மறைகிறது. நிமிர்ந்துவிட்டதாகக் கண் சொல்கிறது. ஹேர் நின்ற முனையிலிருந்து, பின்னாலிருந்து பார்த்தால் இன்னும் மோசம். பொதுவாக இதைப் பார்க்க வேண்டியவர் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில் நிற்கும் அம்பயர். அன்று அவர் பேசாமல் நின்றார்.

பத்தே நாளில், 1996 ஜனவரி 5, பிரிஸ்பேனில் அம்பயர் ராஸ் எமர்சன். அவரும் ஏழு நோபால். அவற்றில் மணிக்கட்டால் சுழற்றிப் போடும் லெக் பிரேக் பந்துகளும் இருந்தன. 1999 ஜனவரி 23, அடிலெய்டில் மறுபடி அவரே, இந்த முறை இங்கிலாந்துக்கு எதிராக. ரணதுங்க எதிர்ப்பாக அணியை எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போனது அந்த ஆட்டத்தில்தான். சோதனையில் தேறி மூன்று வருஷம் ஆன பிறகும் இது நடந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

9 ஜனவரி 2025

"அவருக்காகவே விதியை மாற்றினார்கள்." இதற்குப் பதில் சொல்லாமல் நழுவ மாட்டேன், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது.

2004-ல் தூஸ்ரா மீது, அதாவது ஆஃப் ஸ்பின்னர் எதிர்ப்பக்கம் திருப்பும் பந்து மீது, புகார். ஆஸ்திரேலியத் தொடருக்குப் பிறகு ஆட்ட நடுவர் கிறிஸ் பிராட் புகார் கொடுத்தார். பெர்த்தில் அளந்தார்கள். 14 டிகிரி நிமிர்ந்தது. திருத்தப் பயிற்சிக்குப் பிறகு 10.2. அன்றைய வரம்பு சுழல்பந்துக்கு 5. ஆக, அன்றைய விதிப்படி தூஸ்ரா வரம்பு மீறியதுதான். போடாதே என்றார்கள். அந்த மே மாதம் ஹராரேயில் கோர்ட்னி வால்ஷின் 519 விக்கெட் சாதனையைத் தாண்டினார். அதே மாதம் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்டிடம் முரளி எறிபவரா என்று யாரோ கேட்க, ஆமாம், பெர்த்தில் நிரூபித்துவிட்டார்களே என்றார். ஒரு நாட்டின் பிரதமர்! ஜூலையில் டார்வினிலும் கெய்ர்ன்ஸிலும் நடந்த டெஸ்ட்களுக்கு முரளி போகவில்லை.

வரம்பு 5 என்று வைத்தவர்கள் மற்றவர்களை அளந்து பார்த்து வைக்கவில்லை. வேகப்பந்துக்கு 10, மிதவேகத்துக்கு 7.5, சுழலுக்கு 5 என்று ஒரு கணக்கு. 2004 சாம்பியன்ஸ் டிராபியில் பலருடைய கைகளையும் உயர்வேகக் கேமராவில் பிடித்து அளந்தபோதுதான் கிட்டத்தட்ட எல்லாருடைய முழங்கையும் நிமிர்கிறது என்று தெரிந்தது. கிளென் மெக்ராத், ஷான் பொல்லாக்! பாடப்புத்தகத்தில் போடலாம் என்று நாம் சொல்லிவந்த கைகள். அவர்களும் தங்கள் வரம்பைத் தாண்டியிருந்தார்கள். யாரும் அவர்களைப் பார்த்து ஒரு நாளும் "நோபால்" என்று கத்தவில்லை.

அதனால்தான் 2005 மார்ச் 1 முதல் எல்லாருக்கும் ஒரே வரம்பு, 15. அந்த அளவுக்குமேல் போனால்தான் நிமிர்வு வெறும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதைப் பரிந்துரைத்த குழுவில் மேற்கிந்தியத் தீவுகளின் பழைய வேகப்பந்து வீரர் மைக்கேல் ஹோல்டிங் இருந்தார். முரளியைக் கடுமையாக விமர்சித்தவர். அளவுகளைப் பார்த்ததும் தன் கருத்தை வெளிப்படையாகவே மாற்றிக்கொண்டார். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த ஆள் அவர்தான்.

முரளியின் பிரச்சினையால்தான் அளந்தார்கள், அளந்ததால்தான் மாற்றினார்கள். அதுவரை சரி. அந்த மாற்றம் காப்பாற்றியது அவரை மட்டும் என்பதுதான் தவறு.

10 ஜனவரி 2025

முந்தைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. 2006 பிப்ரவரியில் மறுபடி பெர்த்தில் அளந்தபோது தூஸ்ரா சராசரி 12.2 டிகிரி, சாதாரண ஆஃப் பிரேக் 12.9. எல்லாரும் சந்தேகப்பட்டது தூஸ்ராவை. கொஞ்சம் அதிகமாக நிமிர்ந்தது ஆஃப் பிரேக். நம் சந்தேகம் எந்தப் பந்தின் மேல் விழுகிறது என்பதுகூட நமக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. 2004 கோடையில் இங்கிலாந்துத் தொலைக்காட்சி ஒன்றுக்காக எஃகுக் கம்பிகள் வைத்த கட்டு ஒன்றை முழங்கையில் மாட்டிக்கொண்டு, கையை நிமிர்த்தவே முடியாத நிலையில், தன் மூன்று வகைப் பந்தையும் போட்டுக் காட்டினார். கட்டு மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ. முந்நூறு விக்கெட், ஐந்நூறு விக்கெட் எடுத்த பிறகு ஒரு மனுஷன் கையில் இரும்பு கட்டிக்கொண்டு வந்து நின்று "பாருங்கள்" என்று சொல்ல வேண்டியிருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

16 ஜனவரி 2025

பொங்கலுக்கு வீடு நிறைய ஆள். இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தேன்.

1997 சித்திரை மாதம். எங்கள் ஊர்க் கண்மாய்க்குக் கீழே பொட்டலில் டோர்னமெண்ட். நான் அப்போது ஆடுவதை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பயராக நிற்பேன். பக்கத்துக் கிராமத்து அணியில் ஒரு பையன். பதினைந்து வயது இருக்கும். ஆஃப் ஸ்பின். பந்து அப்படித் திரும்பியது. எங்கள் ஊரின் நல்ல பேட்ஸ்மேன்கள் இரண்டு பேரை அடுத்தடுத்து எடுத்துவிட்டான். கரையிலிருந்து சத்தம் வந்தது: "மாங்கா! மாங்கா!"

நான் பார்த்தேன். கை வளைந்துதான் வந்தது. எனக்குள் மெல்போர்ன் ஓடிக்கொண்டிருந்தது. உலக அம்பயர் ஒருவர் துணிந்து செய்ததை நானும் துணிந்து செய்கிறேன் என்ற நினைப்பு. கையை நீட்டினேன். நாலு தடவை. நாலாவது தடவைக்குப் பிறகு அவன் கேப்டன் பந்தை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்தான். பையன் ஒன்றும் பேசவில்லை. எல்லைக்கோட்டில் போய் நின்றான். அதற்குப் பிறகு அவன் கையில் பந்து வரவே இல்லை. கரையிலிருந்தவர்கள் மட்டும் விடவில்லை. அவன் பக்கம் பந்து போகும்போதெல்லாம் மாங்கா என்று கத்தினார்கள்.

அப்புறம் ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தேன். பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தான். என் இலைக்கு ஊற்றக் கையை நீட்டினான். கை நீளவில்லை. முழங்கையில் நின்றுவிட்டது. உடம்பைக் குனிந்து எட்டி ஊற்றினான். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து, கட்டுப் போட்டு, எலும்பு வளைந்தபடியே கூடிவிட்டதாம். பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

அது 2005. முரளியைப் பற்றி, அந்தக் கண்மயக்கத்தைப் பற்றி எல்லாம் நான் படித்து முடித்திருந்த நேரம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் கை கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

19 ஜனவரி 2025

அந்த டோர்னமெண்டில் ஆடிய பழைய நண்பர் ஒருவர் மேலே உள்ளதைப் படித்துவிட்டுப் போன் செய்தார். நோபால் நாலு இல்லையாம், மூன்றாம். அது சித்திரையும் இல்லை, ஆனி மாதமாம், கண்மாயில் தண்ணீர் அடியில் கிடந்ததாம். அவர் சொன்னால் சரியாக இருக்கும். ஸ்கோர் நோட்டு அவரிடம்தான் இருந்தது.

இருபத்தெட்டு வருஷமாக நாலு நோபால் என்று மனதில் வைத்திருந்தேன். என் கண்தான் தப்பு என்று நினைத்தேன், நினைவும் அப்படித்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். கரையில் முதலில் "மாங்கா" என்று கத்தியது அவரேதானாம். நாங்கள் இரண்டு பேரும் போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

22 ஜனவரி 2025

கிரிக்கெட்டை விட்டு வெளியே வாருங்கள் என்கிறார்கள். சரி. அவசரத் தீர்ப்புக்கு இன்னொரு உதாரணம், மணிப்பூரின் பளுதூக்கும் வீராங்கனை சஞ்சிதா சானு. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 48 கிலோ பிரிவில் தங்கம். 2018 கோல்டு கோஸ்டில் 53 கிலோவில் தங்கம். அதன்பின் மே மாதக் கடைசியில், முந்தைய நவம்பரில் அமெரிக்காவில் எடுத்த சிறுநீர் மாதிரியில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஊக்கமருந்து இருந்தது என்று அறிவிப்பு. அன்றே செய்தியில் "ஊக்கமருந்து சஞ்சிதா" ஆகிவிட்டார். பிறகுதான், சர்வதேசப் பளுதூக்கும் சம்மேளனம் அனுப்பிய கடிதத்திலேயே மாதிரியின் எண் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தது வெளியே வந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரு எண்ணில் நிற்கிறது, அந்த எண்ணையே ஒழுங்காக எழுதவில்லை. 2019 ஜனவரியில் தற்காலிகத் தடையை நீக்கினார்கள். 2020 ஜூனில் வழக்கையே கைவிட்டார்கள். இரண்டு வருஷம்!

23 ஜனவரி 2025

நேற்றைய குறிப்பை அப்படியே விடுவது நேர்மையில்லை. மூன்று பேர் சுட்டிக்காட்டினார்கள். சஞ்சிதா 2022-ல் குஜராத் தேசிய விளையாட்டுப் போட்டியின்போது கொடுத்த மாதிரியில் வேறொரு மருந்து, டிராஸ்டனலோன், இருந்தது என்று 2023-ல் நாலு வருஷத் தடை விதிக்கப்பட்டது. இது எனக்குத் தெரியும். என் வாதத்துக்கு இடைஞ்சல் என்று விட்டுவிட்டேன். தப்பு.

2020-ல் நடந்ததையும் சரியாகச் சொல்ல வேண்டும். மாதிரியைக் கையாண்டதில் குளறுபடி, அதனால் குற்றச்சாட்டு நிற்காது என்று கைவிட்டார்கள். நேற்று நான் எழுதிய தொனியில் ஏதோ கோயில் மணி அடித்து விடுவித்தது போல இருந்தது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் மாற மாட்டேன். 2023-ல் வந்தது 2018-ல் சொன்னதை உண்மையாக்கிவிடாது. இரண்டும் தனித்தனி மாதிரி, தனித்தனி நாள். "பார்த்தீர்களா, அப்போதே சொன்னோம்" என்று எழுதியவர்களைப் பார்த்தேன். அப்போது சொல்வதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை.

30 ஜனவரி 2025

ஹேர் பற்றிச் சிலர் கேட்டீர்கள். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தான் பார்த்ததாக நம்பியதைச் சொன்னார், அது அம்பயரின் வேலை. நானும் அதைத்தான் செய்தேன்.

ஆனால் 2006 ஆகஸ்ட் 20, ஓவல். பாகிஸ்தான் பந்தைச் சேதப்படுத்தியது என்று ஹேரும் பில்லி டாக்ட்ரோவும் ஐந்து ரன் அபராதம் போட்டார்கள். தேநீருக்குப் பிறகு கேப்டன் இன்சமாமின் அணி களத்துக்கு வர மறுத்தது. ஆட்டம் இங்கிலாந்துக்கு. டெஸ்ட் வரலாற்றில் முதல் தடவையாக ஒரு அணி கைவிட்டதாக முடிந்த ஆட்டம். செப்டம்பர் கடைசியில் ஆட்ட நடுவர் ரஞ்சன் மடுகல்ல விசாரித்து, பந்தைச் சேதப்படுத்திய குற்றம் இல்லை என்று தீர்த்தார். களத்துக்கு வராததற்கு மட்டும் இன்சமாமுக்கு நாலு ஒருநாள் ஆட்டத் தடை. குற்றம் இல்லை என்றானது, ஆனால் குற்றத்தை மறுத்து நின்றதற்குத் தண்டனை உண்டு. முடிவைப் பின்னால் 2008-ல் டிரா என்று மாற்றி, 2009-ல் திரும்ப இங்கிலாந்து வெற்றி என்றே வைத்தார்கள். அவர்களுக்கே எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

2 பிப்ரவரி 2025

அமெரிக்காவில் இருக்கும் நண்பர், "இதெல்லாம் ஆட்டக் குற்றம், போலீஸ் வழக்கு வந்தால் இப்படிப் பேசுவீர்களா" என்று கேட்டு டியூக் பல்கலைக்கழக வழக்கை நினைவூட்டினார். 2006 மார்ச், வட கரோலினா, டர்ஹம். லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்து ஆடும் ஆட்டம்) அணி மாணவர்கள்மேல் பாலியல் வன்கொடுமைப் புகார். 46 பேரின் மரபணு எடுத்தார்கள், ஒன்றும் பொருந்தவில்லை. ஆனாலும் மூன்று பேர்மேல் வழக்கு. அணியின் அந்த ஆண்டு ஆட்டங்கள் ரத்து, பயிற்சியாளர் பதவி போனது, 88 பேராசிரியர்கள் பத்திரிகையில் கையெழுத்துப் போட்டு அறிக்கை. மாவட்ட அரசு வழக்கறிஞர் நைஃபாங் அப்போது தேர்தலில் நின்றுகொண்டிருந்தார். 2007 ஏப்ரல் 11 அன்று மாநில அட்டர்னி ஜெனரல் ராய் கூப்பர், மூவரும் நிரபராதிகள் என்றே அறிவித்தார். நைஃபாங் தொழில் உரிமம் இழந்தார். புகார் சொன்னவர் தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டது போன டிசம்பரில்தான். பதினெட்டு வருஷம்.

இதை வைத்துப் பெண்களின் புகார்களைத் தள்ளிவிட யாராவது கிளம்பினால் நான் அவர்களோடு இல்லை. அந்த வழக்கில் எனக்குப் பட்டது வேறு. அடையாளம் காட்டச் சொல்லி வைத்த புகைப்படங்கள் எல்லாமே அந்த அணியின் ஆட்கள். வேறு யார் படமும் அதில் இல்லை. எந்தப் படத்தைத் தொட்டாலும் ஒரு மாணவன் மாட்டுவான்.

நானும் பொட்டலில் அந்த ஒரு பையனின் கையை மட்டும்தான் பார்த்தேன். எங்கள் ஊர் வேகப்பந்துக்காரனின் கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

13 பிப்ரவரி 2025

நம்ப முடியவில்லை. நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கிறது.

இலங்கையின் காலேயில் இரண்டு டெஸ்ட், ஆஸ்திரேலியா 2-0. 16 விக்கெட் எடுத்த ஆஸ்திரேலிய இடக்கைச் சுழல்பந்து வீரர் மாத்யூ குனமன்மேல் சந்தேகப் பந்துவீச்சு என்று புகார். அந்தக் கோப்பையின் பெயர் வார்ன்-முரளிதரன். நடந்த இடம் காலே, 2010 ஜூலையில் முரளி தன் 800-வது விக்கெட்டை எடுத்த அதே மைதானம்.

மாலைக்குள் நம்மவர்கள் தொடங்கிவிட்டார்கள். "இப்போ தெரியுதா வலி", "ஹேரைக் கூப்பிடுங்கள்", ஸ்லோமோஷன் துண்டுகள், முழங்கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பையன் 1995-ல் பிறக்கவே இல்லை. முரளிக்கு நடந்தது தப்பு என்று இத்தனை நாள் சொல்லிவிட்டு, அதையே இன்னொருவனுக்குச் செய்தால் நாம் சொன்னதற்கு என்ன பொருள்?

16 பிப்ரவரி 2025

ஓட்டப்பந்தய வீராங்கனை சாந்தி சௌந்தரராஜனை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார்கள். கத்தக்குறிச்சி எங்கள் மாவட்டம்தான், மறப்பேனா. 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் வெள்ளி, பிறகு பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பறித்துவிட்டார்கள். ஆனால் அவரைப் 'பொய்க் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டவர்' வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் என்ன குற்றம் செய்ததாகச் சொன்னார்கள்? உடம்போடு பிறந்ததற்கு விடுதலை என்ன, தண்டனை என்ன? அது தனியாக, முழுதாகப் பேச வேண்டிய விஷயம்.

27 பிப்ரவரி 2025

குனமன் தேறிவிட்டார். பிரிஸ்பேனில் அளந்தார்கள், எல்லாப் பந்தும் 15-க்குள். புகாரிலிருந்து முடிவு வரை இரண்டு வாரம். களத்தில் யாரும் கை நீட்டவில்லை, 55,000 பேர் முன்னால் நிற்க வைக்கவில்லை. புகார் எழுதி, சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, அளந்து, சொல்லிவிட்டார்கள். சிவப்பு வட்டம் போட்டவர்களின் பக்கங்களை இன்று போய்ப் பார்த்தேன். தேறிய செய்தியை ஒருவர் போட்டிருந்தார். மற்றவர்கள் வேறு ஏதோ ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

3 மார்ச் 2025

பழைய நண்பர் அந்தப் பையனைக் கண்டுபிடித்துவிட்டார். பையன் என்கிறேன், நாற்பத்துமூன்று வயது. அறந்தாங்கி சாலையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. நேற்று இரண்டு பேரும் போனோம்.

என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். "அம்பயர் சார்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் தயார் செய்துகொண்டு போனது, நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. உன் கை அப்படித்தான் என்று எனக்குத் தெரியாது தம்பி, கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, தப்பு என்னுடையது.

அவர் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டார். அப்புறம் கையைத் துடைத்துவிட்டு, "சார், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்றார். "நீங்க நோபால் கொடுத்த மூணும் நல்ல பந்து. ஆனா அன்னைக்கு நான் நெஜமாவே ரெண்டு பந்து எறிஞ்சேன். வேகமா ஒண்ணு போடணும்னு. அதுக்கு நீங்க ஒண்ணுமே சொல்லல. ரெண்டாவதுலதான் உங்க ஊர் கேப்டன் போல்டு."

நண்பர் என்னைப் பார்த்தார். அந்த விக்கெட் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுத்தமான பந்து என்று நானே அன்று தலையாட்டினேன்.

பிறகு கடைக்கு வெளியே வந்து, கையில் ஒரு பழைய பேரிங்கை வைத்துக்கொண்டு, இரண்டு விதமாகவும் மெல்லச் சுற்றிக் காட்டினார். இது நல்ல பந்து, இது எறிஞ்சது. நான் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். இன்னொரு தடவை காட்டச் சொன்னேன். காட்டினார். எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.